பூங்கா என்று போட்ட இடம்

அக்கா,

சனிக்கிழமை உங்கள் தம்பி வந்து, வரைபடம் சுருட்டி வைக்கிற நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. பழைய நீல அச்சுத் தாளின் காரம், அதற்கு மேல் நீங்கள் போட்டு வைக்கும் நாப்தலின் உருண்டை. யாழினி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஸ்கூல் பாத்ரூம் மாதிரி நாறுது" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு மழைக்காலம் தாமதமாக இதை எழுதுகிறேன்.

கல்யாணமாகி சேலையூர் வந்த புதிது. கேம்ப் ரோட்டில் ஆட்டோக்காரரிடம் நம் நகருக்கு வழி சொல்லத் தெரியாமல் நான் திணறியபோது, நீங்கள் பாட்டுக்கு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள். "நாலாவது லெஃப்ட் போங்கண்ணா. எனக்குத் தெரியாதா, இந்த ரோடெல்லாம் நான் போட்டது." ரோடு காண்ட்ராக்டர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தாம்பரத்தில் ஒரு சர்வேயர் ஆபீசில் நீங்கள் படம் வரைகிறவர் என்பதும், நம் நகரை மனை மனையாகப் பிரித்துக் கோடு போட்டதே உங்கள் கைதான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீடு நிற்கும் இரண்டாவது தெருவும் நீங்கள் பேனாவால் இழுத்த கோடு. இதைக் கேட்ட அன்று உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு மனையிலும் நீங்கள் வாங்கியது கடைசி மனை. கிழக்கு மூலையில், பள்ளத்தை ஒட்டி. ஏன் என்று கேட்டால், "மத்ததெல்லாம் வித்துப்போச்சு" என்பீர்கள்.

அந்தப் பள்ளத்தைத்தான் அக்கா நான் மூடினேன்.

யாழினிக்கு அப்போது இரண்டு வயது. மூன்றாவது தெருவில் ஒரு பையனை டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் நான் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்துவிடுவேன். மழைக்குப் பிறகு மாசக்கணக்கில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கொசு ஒரு பக்கம், குழந்தை தவறி விழுந்தால் என்ற பயம் இன்னொரு பக்கம். அந்த இடத்தை மூடி, மேடாக்கி, ஊஞ்சல் போட்டுத் தர வேண்டும் என்று மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். காலேஜில் கட்டுரைப் போட்டிக்கு எழுதிய கை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். கடைசியாக உங்கள் வாசல்.

நின்றபடியே முழுக்கப் படித்தீர்கள். "நல்லா எழுதியிருக்கடி. யாராலயும் மறுக்க முடியாது. அதான் பயமா இருக்கு."

"கொசு, அக்கா."

"கொசுவுக்கு மருந்து அடிக்கச் சொல்லு. பள்ளம் உன்னை என்ன பண்ணுச்சு?"

உள்ளே போய் இதே குழாயைக் கொண்டுவந்து, இதே படத்தைத் தரையில் விரித்தீர்கள். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் டபராவை வைத்தீர்கள், இன்னொரு மூலையில் யாழினியை உட்கார வைத்தீர்கள். தெருக்களின் ஓரமெல்லாம் தரையின் உயரத்தைக் குறித்துப் பொடிப்பொடியாக எண்கள். கேம்ப் ரோடு பக்கம் மேடு, அங்கிருந்து ஒவ்வொரு தெருவாக இறங்கி, எல்லாத் தண்ணீரும் அந்த மூலையில் வந்து தங்கி, பிறகு ஒரு சின்னக் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும் என்று விரலால் காட்டினீர்கள். நான் எண்களைப் பார்க்கவில்லை. அந்த மூலையில் அச்சடித்திருந்த ஒரே ஒரு வார்த்தையைத்தான் பார்த்தேன்.

"பூங்கான்னுதானே போட்டிருக்கு? பூங்கான்னா ஊஞ்சல் இருக்கணும்க்கா. பள்ளமா இருக்கும்?"

உங்கள் முகம் மாறியது. மனைப் பிரிவு போட்டால் ஒரு பங்கு நிலத்தைப் பொதுவுக்கு விட்டு, தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தண்ணீர் தங்கும் இடமாகப் பார்த்து அதை ஒதுக்கினீர்கள். முதலில் 'குளம்' என்றுதான் எழுதினீர்களாம்.

"நிலத்துக்காரர் வந்து பார்த்தாரு. குளம்னு போட்டா பக்கத்து மனை எதுவும் விக்காதும்மா, பூங்கான்னு போடுன்னாரு. போட்டுட்டேன். எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசுடி." படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னீர்கள். அந்த வார்த்தையை நம்பி வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்றுதான் கடைசி மனையை நீங்கள் வாங்கினீர்கள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. நான் கோபமாக இறங்கி வந்தேன். "உங்களுக்குக் குழந்தை இல்ல. அதான் உங்களுக்குப் புரியல" என்று படியிலிருந்து சொன்னேன்.

கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மேற்பார்வைக்கு ஆள் யாரும் வரவில்லை. மனு எழுதியவள் என்பதால் லாரிக்காரர் என்னிடம்தான் கேட்டார். "இன்னாக்கா, இத்தோட நிறுத்திக்கவா, இன்னும் ரெண்டு லோடு அடிக்கவா?"

"அடிங்கண்ணா. ரோடு மட்டத்துக்கு வரட்டும்."

உங்கள் ஜன்னல் திறந்திருந்தது. கேட்டிருப்பீர்கள்.

அந்த ஐப்பசியில் மழை பெரிதாக ஒன்றும் இல்லை. வழக்கமான மழைதான். ஆனால் மேட்டுத் தெருக்களின் தண்ணீர் வழக்கமான இடத்துக்கு வந்து பார்த்தது, அங்கே இடமில்லை. பக்கத்தில் இருந்த உங்கள் வீட்டுக்குள் போனது. புடவை முழங்கால்வரை நனைந்து, இந்தக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் மாடிப்படி ஏறி வந்தீர்கள். மூன்று நாள் இருந்தீர்கள். யாழினிக்குத் தோசையை முக்கோணமாகவும் சதுரமாகவும் வெட்டிக் கொடுத்தீர்கள். திட்டுவீர்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை, ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, "உங்க தெருவுல தண்ணி நிக்கலையே. லெவல் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றீர்கள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி, மன்னிச்சுடுங்கக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. டீ போடவா என்று கேட்டேன்.

அதன் பிறகு சிங்கப்பெருமாள் கோவிலில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். தாம்பரத்தில் ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடலாம். யாழினிக்குச் சளி, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஸ்கூல் அட்மிஷன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று நினைத்தேன். மாசி மாதம் நகர் வாட்ஸாப் குழுவில் உங்கள் படம் வந்தது, மாலையோடு. நெஞ்சுவலியாம். எல்லோரும் கூப்பிய கைப் படம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் போனை வைத்தேன் அக்கா.

தம்பி போன பிறகு படத்தை விரித்துப் பார்த்தேன். 'பூங்கா' என்ற அச்செழுத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு. கீழே உங்கள் கையெழுத்தில், சின்னதாக, 'குளம்'. எப்போது எழுதினீர்கள் என்று தெரியவில்லை. நான் சண்டை போட்ட அன்றா, எங்கள் வீட்டில் இருந்த அந்த மூன்று நாளிலா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை வார்டுக் கூட்டம். மூடிய இடத்தில் சிமெண்டுக் கல் பதித்து, நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும் வைக்கப் போகிறார்களாம். கல் பதித்துவிட்டால் பிறகு யாரும் தோண்ட மாட்டார்கள். அதனால் இன்னொரு மனு எழுதினேன். கொட்டியதை அள்ளிவிட்டு, பழையபடி பள்ளமாக்கி, ஏரிக் கால்வாயைத் திறந்துவிட வேண்டும் என்று.

கையெழுத்துக்கு நீட்டியதும், நம் நகர் சங்கச் செயலாளர் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, மூடச் சொன்னதே நீதானே?"

"ஆமா சார். நான்தான்."

"அப்ப நாங்க எந்த மனுவை நம்பறது?" என்று கேட்டுவிட்டு, இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார். "குளம் குளம்னு எழுதியிருக்க பாரு, அதை எடுத்துடு. தாழ்வான பூங்கான்னு போடு. எல்லாரும் சைன் பண்ணிடுவாங்க, நான் உட்பட."

நேற்று உங்கள் வீட்டைப் பூட்டத் தம்பி வந்தபோது அவரிடமும் நீட்டினேன். உங்கள் கதவு எண்ணுக்கு நேரே இடம் விட்டு வைத்திருந்தேன். படித்தார். "அக்கா ஆசைப்பட்டதுதான், தெரியும்மா. ஆனா நான் வீட்டை விக்கணும். பக்கத்துல குளம்னா யார் வாங்குவா, சொல்லு?" என்றார். தப்பாக எடுத்துக்காதே என்று பேனாவைத் திருப்பித் தந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நிலத்துக்காரர் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவரும் சொல்கிறார் என்று உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல நீங்கள் இல்லை.

என் பயம் எங்கும் போய்விடவில்லை அக்கா. சுற்றி இடுப்பளவு வேலி போட வேண்டும், கொசுப்புழு தின்னும் மீன் விட வேண்டும் என்று இரண்டாவது பத்தியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

மனுவின் முதல் வரி இதுதான்: "இந்த இடத்தை மூடச் சொல்லி முன்பு மனு கொடுத்தவள் நானே." இதுவரை ஏழு கையெழுத்து. முதல் மனுவில் காலியாக இருந்த உங்கள் வரி இதிலும் காலியாகத்தான் இருக்கிறது. வார்த்தையை மட்டும் நான் மாற்றவில்லை. ஆறு இடத்திலும் குளம் என்றே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். யாழினியைக் கூட்டிக்கொண்டு, தோளில் இந்தக் குழாயை மாட்டிக்கொண்டு போகிறேன். படத்தை விரித்தால் சுருண்டுகொள்ளும். ஒரு மூலையில் அவளை உட்கார வைக்க வேண்டும்.