வான்தாங்கியின் பன்னிரண்டாம் பக்கம்

ஜூன் 9

அன்புள்ள மசிக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். நீ கதை எழுதிப் படமும் போடும் ‘வான்தாங்கி’ படக்கதையின் கடைசி மூன்று இதழ்களையும் படித்தேன். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இடிந்து விழும் பாலத்தை ஒற்றைத் தோளில் தாங்குகிறவளுக்குப் பிள்ளை பிறக்கிறது. சரி. அடுத்த இதழிலேயே இடுப்பு சிறுத்து, பழைய உடையில் பறக்கிறாள். எனக்கு என் பழைய சட்டை ஒன்றுகூட இன்னும் ஏறவில்லை. அதையும் மன்னித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு கட்டத்தில்கூட அழவில்லையே, அது பிள்ளையா தலையணையா?

எல்லாவற்றுக்கும் மேலே பன்னிரண்டாம் பக்கம். பச்சைப் பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு கோபுர உச்சியிலிருந்து குதிக்கிறாள். தலை பின்னால் தொங்குகிறது. கழுத்து நிற்காத பிள்ளையடி அது. வில்லன் எதற்கு, அம்மாவே போதும். அதைப் பார்த்ததிலிருந்து பாப்பாவைத் தூக்கும்போதெல்லாம் கழுத்துக்கு இரண்டு கையையும் கொடுக்கிறேன்.

ஒரு பிள்ளையைப் பார்த்து வரையக் கூடாதா?

அன்பும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும்,
பூதக்கண்ணாடி

ஜூன் 17

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

கல்லூரியில் உனக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான், அனுபவிக்கிறேன். சிறுத்த இடுப்பு, எங்கள் இதழாசிரியர் கேட்டது. வசனத்துக்கு இடமில்லை என்று அழுகையை எடுத்தது நான். தப்புதான்.

கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையைப் பார்த்து வரை என்கிறாய். யார் பிள்ளையை? முதல் தடவை வந்தபோது கை கழுவச் சொன்னாய், கழுவினேன். அடுத்த தடவை, வெளியில் போட்டு வந்த உடையோடு தூக்காதே என்றாய். அதற்கடுத்து துவைத்த சட்டையைப் பையில் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “இப்பதான்டீ தூங்கறா, இன்னொரு நாள் பாக்கலாம்” என்று கதவருகில் நிறுத்தியே காட்டினாய். தொட்டிலில் போர்வைதான் தெரிந்தது. அந்தப் போர்வையைத்தான் வரைந்தேன்.

பிள்ளையை எங்காவது தூரத்துக்கு அனுப்பிக் கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஆசிரியரிடம் சொல்லப்போகிறேன். தெரியாததை ஏன் வரைய வேண்டும்? இனி இதழ் அனுப்பி உன்னைத் தொந்தரவு செய்யவும் மாட்டேன்.

மசி

ஜூன் 28

மசி,

உன் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். அதற்கு முன்னால், எனக்குப் பரிந்து பேசுவார் என்று நம்பி என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். “என்கிட்டயே நீ பாப்பாவ முழுசா குடுக்கறதில்ல. குடுத்தாலும் கீழ போட்டுருவேன்னு பக்கத்துலயே கைய ஏந்திக்கிட்டு நிக்கற. அவங்க பாவம்” என்றார். அதற்கும் ஒரு சண்டை. அவர் கோபித்துக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டார். மடித்ததும் சரியில்லை.

இதழ்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிள்ளையை எங்கேயும் அனுப்பாதே, அது இன்னும் மோசமான கதை. ஊரையே தாங்குகிறவள், பிள்ளையை நம்பி ஒருத்தரிடம் கொடுக்க முடியாமல் சண்டைக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறாள். நீ எழுதியிருப்பது அதைத்தான், உனக்கே தெரியவில்லை. படித்த எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. மாற்றுச் சட்டை வேண்டாம். அவள் அழுவாள், வீடே அதிரும், பயப்படாதே. என்னைக் கூப்பிடவும் செய்யாதே. அவளை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். கதவைச் சாத்திக்கொள்வேன்.

பாதிதான் சாத்துவேன்.

உன்
பூதக்கண்ணாடி