சனிக்கிழமைக் கயிறு

ஜூன் 6, வியாழன்

மஞ்சள் க்ரேப் பேப்பர் தீர்ந்துவிட்டது. நீலத்தை வைத்து ஒப்பேற்றினோம். பெவ் வழக்கம்போல எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். "நெவ், உன் கடைசி எழுத்து குடிச்சிட்டு வந்த மாதிரி சாயுது பாரு." "நேரா நின்னா நம்ம ஆளுங்களுக்குக் கிழிக்க மனசு வராது," என்றேன். ஹாலே சிரித்தது.

கிளப் ஹாலின் தரை முழுக்கப் பதாகை. மாலைகளில் மண்டியிட்டு ஒட்டுகிறோம்; சனிக்கிழமை எங்கள் ஊர் ஃபுட்பால் அணியான பெலிகன்ஸின் வீரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறார்கள். அவ்வளவுதான் அதன் ஆயுள். என் மனைவி கார்மலுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இது ஒரு வேடிக்கை. "கிழிக்கிறதுக்குன்னே ஒட்டுற புருஷன் எனக்குத்தான் வாய்ச்சிருக்கான்" என்பாள்.

மகள் ரோ இல்லாத ஹால் எனக்கு இன்னும் பழகவில்லை. சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து வெட்டுவாள். வாயில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் ராகத்தில் இருக்காது. டேலோவை அவள் பார்த்ததும் இதே ஹாலில்தான். ஊரின் செல்லப்பிள்ளை, கோல் அடிக்கப் பிறந்தவன். ஈஸ்டர் சமயத்தில் அவனை விட்டுவிட்டு லான்செஸ்டனுக்குப் போய்விட்டாள். கேட்டதற்கு "ஒத்து வரலப்பா" என்றாள். நானும் மேலே கேட்கவில்லை.

அவள் வெட்டினால் எழுத்து சாயாது.

ஜூன் 7, வெள்ளி

டேலோ மேல் போலீஸ் வழக்குப் போட்டிருக்கிறது. ரேடியோவில் சொன்னார்கள். அடி வாங்கியவள் பெயரைச் சொல்லவில்லை, 'முன்னாள் துணை' என்றார்கள். இந்த ஊரில் பெயர் எதற்கு?

சமையலறைக்குப் போனேன். கார்மல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவதான் வேணாம்னா."

தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்திருக்கிறான். பிப்ரவரியில் மணிக்கட்டில் கட்டோடு வந்தாளே, படி வழுக்கிவிட்டது என்று, அது படி இல்லை. அன்றைக்கு அவனும்தான் கூட வந்தான். என் மேஜையில் உட்கார்ந்து ரெண்டு தட்டு கறி தின்னான். அவளுக்கு இறைச்சியை வெட்டி வெட்டிக் கொடுத்தான், பாவி! நான் என்ன நினைச்சேன்? ஆகா, எப்படிப் பாத்துக்கிறான்னு நினைச்சேன்.

ஏன் என்கிட்ட சொல்ல வேணாம்னா?

ஜூன் 8, சனி

மைதானத்துக்குப் போனேன். போகாமல் என்ன செய்ய? வீட்டில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சனிக்கிழமை என்றால் கால் தானாகவே அந்தப் பக்கம் நடக்கிறது. கார்மல் வாசல் வரை வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீர்ப்பு வரும்வரை டேலோ ஆடலாம் என்று கிளப் சொல்லிவிட்டதாம். எனக்கு எப்போதும் போலக் கயிறு. காற்றில் பதாகை சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவன் கிழித்துக்கொண்டு வந்தபோது நான் புல்லைப் பார்த்தேன். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இதுவரை கேட்டிராத சத்தம். நான் கை தட்டவில்லை. கயிறு இருந்ததால் தட்ட வேண்டிய அவசியமும் வரவில்லை.

எல்லோரும் ரொம்ப அன்பாக இருந்தார்கள். கிளப் தலைவர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்துவந்து கை குலுக்கினார். எங்களோடு பதாகை ஒட்டும் மெர்வ் தின்னச் சூடாக மீட் பை வாங்கிக் கொடுத்தான். கஞ்ச மகாப்பிரபு, மெர்வ்! முகம் தெரியாத ஒருத்தர் தோளைத் தட்டி, "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார். என் கஷ்டம் இவர்களுக்குப் புரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். கொஞ்சம் ஆறுதலோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ரோ போன் செய்தாள், கார்மலுக்கு. அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள் கார்மல். நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஒரு தடவை ரோ சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது. அந்தச் சிரிப்பு காதில் விழுந்து எத்தனை மாதமாயிற்று! எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடலாம் போல இருந்தது.

"என்னைக் கேட்டாளா?"

"இல்ல."

ஜூன் 12, புதன்

கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். நான் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"பொண்ணு சொல்றதெல்லாம் உண்மையா இருக்கும்ங்கிற?"

"நீ வேற. அவங்க அப்பாவே அன்னிக்கு கிரவுண்டுல கயிறு புடிச்சிட்டு நின்னாரு. போட்டோ பாக்கல? உண்மையா இருந்தா எந்த அப்பன் போய் நிப்பான்?"

"அதானே! பெத்தவனுக்குத் தெரியாதா பொண்ணப் பத்தி?"

கறி வாங்காமல் வந்துவிட்டேன்.

கார்மலிடம் கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாள். கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்: முன்னால் டேலோ, பின்னால் கயிறும் நானும். புல்லைப் பார்க்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? வணங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது. கீழே இதயமும் கைதட்டலுமாக ஊரே வந்து எழுதியிருக்கிறது. 'இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?' 'அப்பாவுக்கு ஒரு சல்யூட்.' 'பொண்ணு காசுக்குப் பாக்குது, அப்பா நேர்மையான மனுஷன்.'

"நீ ஏன் என்னைத் தடுக்கல?" என்று கத்தினேன்.

"உனக்கே தெரியும்னு நெனச்சேன்," என்றாள்.

அப்படியானால் அந்த மீட் பை, அந்தக் கைகுலுக்கல்... ஐயோ. அதுக்குத்தானா? வாயில போட்டு மென்னேனே!

ரோ இதைப் பார்த்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே பார்த்திருப்பாள்.

ஜூன் 13, வியாழன்

ஹாலுக்குப் போகவில்லை. பெவ் தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி டேலோவின் இருநூறாவது ஆட்டம். இரட்டைப் பதாகையாம். "எழுத்துக்கு நீதான் வரணும். உன் எழுத்து சாஞ்சாலும் அதுக்கு ஒரு களை இருக்கு."

"அந்த போட்டோவை எடுக்கச் சொல்லு பெவ்."

"ஏன், நல்லாத்தானே விழுந்திருக்க?"

"பெவ்!"

அவள் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "எதுலயும் ரெண்டு பக்கமும் கேக்கணும் நெவ்."

"ஒரு பக்கம் மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. இன்னொரு பக்கம் என்ன உடைஞ்சிருக்கு?"

கிளம்பும்போது கோட்டுப் பொத்தானைப் போட்டபடி சொன்னாள், "என் புருஷன் போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கிறது இந்தக் கூட்டம் ஒண்ணுதான். அதையும் உடைச்சிறாத." அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. எனக்கும் வேறு என்ன இருந்தது?

ஜூன் 14, வெள்ளி

ரோவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி விடச் சொன்னது. "ரோ, அப்பா பேசறேன். இங்க ஒரே மழை. அங்கயும் மழைன்னு சொன்னாங்க. சால்வை போட்டுக்கோ." வைத்துவிட்டேன்.

சால்வையாம். முட்டாள் கிழவன்.

ஜூன் 15, சனி

போகவில்லை. இந்த வாரமும் எங்கள் மைதானம்தான். சத்தம் கூரைகளைத் தாண்டி எங்கள் பின்கட்டு வரை வருகிறது. எந்த கோல் எந்தப் பக்கம் என்று சத்தத்திலேயே தெரிகிறது. தோட்டத்தில் ஒன்றுமில்லாததைக் கொத்திக்கொண்டு நின்றேன். போகணும் போல இருக்கு. வெட்கமில்லாம இருக்கு. அந்த ஈரப் புல் வாசனையும், மெர்வோட மொக்கை ஜோக்கும், எல்லாருமாச் சேர்ந்து கத்துற அந்த ஒரு நிமிஷமும் வேணும்னு இருக்கு. என் பொண்ணும் வேணும். ரெண்டும் இருந்த சனிக்கிழமைகள் எத்தனை இருந்துச்சு, ஒண்ணைக்கூட உக்காந்து நெனச்சுப் பாக்கலையே.

ஜூன் 18, செவ்வாய்

தபாலில் கிளப்பிலிருந்து வாழ்த்தட்டை. பூங்கொத்துப் படம் போட்டு, 'சீக்கிரம் குணமாகி வாங்க!' எனக்கு உடம்பு சரியில்லை என்று சனிக்கிழமை மைக்கில் சொல்லி, கூட்டம் கை தட்டியதாம். அட்டை முழுக்கக் கையெழுத்து. நடுவில் கொட்டை எழுத்தில்: 'நீங்க இல்லாம நல்லா இல்ல நெவ். டேலோ.'

போனால் அவன் பக்கம். போகாவிட்டால் நோயாளி. நான் வாயைத் திறக்காதவரை எனக்காக இவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.

அட்டையைக் கார்மல் வாங்கி, படித்து, அடுப்பில் போட்டாள். "ராஸ்கல், கையெழுத்தைப் பாரு, கல்யாணப் பத்திரிகை மாதிரி," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள்.

ஜூன் 20, வியாழன்

ஹாலுக்குப் போனேன். எல்லோரும் தரையில். பதாகையில் அவன் எண் மட்டும் ஒட்டியிருந்தார்கள், ஆள் உயரத்துக்கு. என்னைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம். "வாடா கிழவா! செத்துட்டன்னு நெனச்சோம்!" மெர்வ் தன் முட்டிக்குப் போட்டிருந்த தலையணையை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

நான் உட்காரவில்லை.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். "என் பொண்ணு சொல்றது நிஜம். அவ கையை உடைச்சது டேலோதான். அன்னிக்கு நான் வந்து நின்னது பழக்கத்துல. அதைச் சாட்சின்னு யாரும் சொல்லிட்டுத் திரியாதீங்க."

யாரோ ஒருத்தர் டேப்பைக் கிழித்த சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மெர்வ் மெதுவாக, "அதையெல்லாம் ஏம்ப்பா இங்க வந்து..." என்றான். தலையணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பெவ் தலையைத் தூக்கவில்லை, கத்தரிக்கோல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

யாராவது பின்னால் வருவார்கள் என்று கார் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 22, சனி

கறிக்கடைக்காரரிடமும் சொன்னேன். எடை போட்டுக்கொண்டே கேட்டார். "அப்புறம்? ஒரு கிலோவா?" என்றார்.

கிளப் பக்கத்தில் என் படத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றும், பெண்டாட்டி ஆட்டி வைக்கிறாள் என்றும் எழுதுகிறார்கள். பெட்ரோல் பங்கில் மெர்வ் என்னைப் பார்த்துவிட்டு டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்துகொண்டான். டயர் நன்றாகத்தான் இருந்தது. எத்தனை வருஷப் பழக்கம் அவனோடு.

ஜூன் 23, ஞாயிறு

ரோ போன் செய்தாள். நான் ஹாலில் பேசியதைக் கார்மல் சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அப்புறம் வேற பேசினோம்."

நான் எதை எதிர்பார்த்தேன்? ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்றா? ஆமாம், அதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஜூன் 28, வெள்ளி

நாளைக்குக் கூட்டம் அலைமோதுமாம். கடைவீதியெல்லாம் நீலமும் மஞ்சளும். வழக்கு ஆகஸ்டில்.

"நாளைக்கு என்ன பண்ணப் போற? மறுபடியும் தோட்டத்தைக் கொத்தப் போறியா?" என்றாள் கார்மல். "காருக்குப் பெட்ரோல் போட்டு வச்சிருக்கேன்."

"நீயும் வா."

"நான் வந்தா நீ என் பின்னாடி நின்னுக்குவ."

ஜூன் 29, சனி. லான்செஸ்டன்

காலையிலேயே கிளம்பினேன். வழியில் எதிரே வந்த கார்களில் எல்லாம் பெலிகன்ஸ் கொடி. நான் மட்டும் எதிர்த் திசையில். ஒருத்தன் ஹார்ன் அடித்துக் கையாட்டினான்; பழக்க தோஷம், நானும் ஆட்டிவிட்டேன்.

ரோதான் கதவைத் திறந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், ஒருத்தன் கைக்கும் சிக்காத அளவுக்கு. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, கார்மல் சொல்லியிருப்பாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"ஹால்ல பேசினியாமே," என்றாள்.

"ஆமா."

"எல்லார் முன்னாடியும்."

"ஆமாம்மா."

"கறிக்கடைக்காரர்கிட்டகூடச் சொன்னியாம். அம்மா சொன்னா."

"சொன்னேன்."

கதவைப் பிடித்துக்கொண்டு என் சட்டைப் பொத்தானையே பார்த்தாள். "எங்கிட்ட எப்பப்பா சொல்லப் போற?"

எனக்குச் சுருக்கென்றது. வாஸ்தவம். ஊருக்கெல்லாம் சொன்னேன். இவளிடம் மழையைப் பற்றிப் பேசினேன். சிறுபிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு எழுத்தையும் வெட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், நன்றாயிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், சொல்லும்வரை அடுத்ததைத் தொடமாட்டாள். அந்தப் பெண்ணிடம் எனக்கு ஏன் வாய் வரவில்லை?

"நீ சொன்னதை நான் நம்பறேன் ரோ," என்றேன். "ஒரு எழுத்து விடாம நம்பறேன். அன்னிக்கு நான் அங்க போய் நின்னிருக்கக் கூடாது."

அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. நெற்றியைக் கதவு நிலையில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.