கைதவறி அறுத்த ரத்தக்குழாய்

அன்புள்ள அம்மாவுக்கு, பூங்குழலி எழுதுவது. நான் சுகம். ஷூ கம்பெனியில் நின்று வேலை செய்து வந்த உன் கால்வீக்கம் குறைந்ததா? போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன்.

நேற்று உடற்கூறு வகுப்பில், ஒரு பெரியவர் தானமாகத் தந்த உடலில், இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மூன்றுக்கும் கிளை பிரியும் ரத்தக்குழாயைத் தேடினோம். மண்ணீரலுக்குப் போகும் கிளையைக் கைதவறி அறுத்துவிட்டேன். பயத்தில், "இவருக்குப் பிறவியிலேயே இந்தக் கிளை இல்ல சார்" என்று சொல்லிவிட்டேன். பரணிதரன் சார் அதிசயப்பட்டு வகுப்பையே கூப்பிட்டுவிட்டார். பிறகு குனிந்து பார்த்தவர், அறுந்த முனையைக் கண்டுகொண்டார்.

"உடம்பையே குடுத்துட்டுப் போய்ட்டாரும்மா. அவர் மேலயே பழி போடுறியே?" என்றார். வேறெதுவும் திட்டவில்லை.

எல்லோரும் போனபின் பெரியவரின் காலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன்.

கவலைப்படாதே. கொஞ்சம் வேர்க்கடலைப் பொடி அனுப்பு. மணி அடித்துவிட்டது, போகிறேன். ஞாயிறு நீயே கூப்பிடு; நான் கூப்பிட்டால் அழுதுவிடுவேன்.

உன் பூங்குழலி