பழைய சைட்டைக் கழற்றிய நாள்

மார்ச் 14, சனிக்கிழமை

என் மனைவி ரெஜினா ஆறு வருடமாகக் கிளப்பில் பிஸ்டல் சுடப் பழகுகிறாள். மன்னாரில் யுத்தக் காலத்தில் பார்த்தது போதுமென்று நான் அதைத் தொட்டதே இல்லை.

இப்போது குறிபார்க்கும் கறுப்பு சைட் அவளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பச்சைப் புள்ளி வைத்த புதியது வாங்கினாள். பழையதைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றும் இடுக்கிக் கருவியைக் கிளப்பில் இரவல் வாங்கி வந்தாள். காலையில் பிஸ்டலின் மேற்பகுதியை மட்டும் கழற்றி அதில் இறுக்கினாள். கருவியின் கைப்பிடியைத் திருப்ப முடியவில்லை. மூட்டுவாதம் உள்ள மணிக்கட்டு நோகத் தொடங்கியது.

"இதை விடுவம். இனி நான் கிளப்புக்குப் போகேல்லை," என்றாள்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசைக்கு முன் உட்கார்ந்தேன்.

"இஞ்ச தாரும். எந்தப் பக்கம் திருப்பிறது?"

"வலப்பக்கம். மெல்ல."

கைப்பிடியைப் பிடித்தேன். அவள் தன் கையை என் கைமேல் வைத்தாள். இரண்டாவது கால் சுற்றில் டக்கென்று சைட் அசைந்தது, பிறகு இலகுவாக வழுகி வெளியே வந்தது. புதியதை நானே தள்ளி நடுவில் நிறுத்தினேன்.

"புள்ளி தெரியுதோ?"

"ஓம், வடிவாத் தெரியுது. நாளைக்கு நீங்களும் வாறீங்களோ?"

"காருக்குள்ள இருக்கிறதெண்டால் வாறன்," என்றேன்.

இரவு, காருக்குள் இருந்து குடிக்க பிளாஸ்கில் தேத்தண்ணி போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.