ரயில்வே கேட்டில் நின்ற ஸ்கூட்டர்

குத்தாலம்,
புதன்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு, ஆர்த்தி எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. போனில் பேசினால் அடுத்த அறையில் உங்கள் அப்பா காதில் விழும். நௌஷாத் அண்ணன் விடுமுறை முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கொஞ்ச நாளாகவே சரியில்லை. வேகமாகப் போனால் ஒன்றும் தெரியாது. மெதுவாகப் போனால் உதறும், சட்டென்று நின்றுவிடும். காலால் தள்ளிவிட்டால் மறுபடி ஓடும். வாங்கிய கடையில் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும், வர நாளாகும் என்றார்கள். மாமாவின் கால் பயிற்சிக்கு மாயவரம் போகாமல் இருக்க முடியுமா? அதிலேயே கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் ரயில்வே கேட்டில், தண்டவாளத்துக்காக வேகத்தைக் குறைத்தேன். நடுவில் நின்றுவிட்டது. கேட் மணி அடிக்கத் தொடங்கியது. மாமாவால் இறங்க முடியவில்லை, என்னால் அவரையும் வண்டியையும் சேர்த்துத் தள்ள முடியவில்லை. அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னை விட்டுட்டு நீ போம்மா" என்றார். சத்தமே போடாமல் சொன்னார். நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து எங்களை வண்டியோடு தள்ளிவிட்டார்கள்.

கேட்டை மூடாமல் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது என்று கேட் கீப்பர் அப்புறம் சொன்னார். அது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

வண்டியை மெக்கானிக் அப்துல் ஜலீல் பாய் பார்த்தார். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, என்னை அதை மெதுவாகச் சுற்றச் சொல்லி, மீட்டர் வைத்தார். சக்கரம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று ஒயரில் ஒன்று செத்துக் கிடந்தது. வேகத்தில் அது இல்லாமலே சமாளித்துவிடுமாம், மெதுவாகப் போகும்போதுதான் தடுமாறுமாம். வாய்க்கால் தண்ணீரில் ஓட்டி ஓட்டி கனெக்டரில் பச்சை பிடித்திருந்தது. வெட்டி, புதிதாக இணைத்தோம். இப்போது நடக்கிற வேகத்தில்கூட உதறாமல் போகிறது.

மாமாதான் வர மறுக்கிறார். பயிற்சிக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "சபரிகிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா" என்று மட்டும் சொல்கிறார். சரி என்றேன். ஆனால் அவர் கை என் தோளிலிருந்து விலகியது இன்னும் மனதில் அப்படியே இருக்கிறது. ராத்திரி எழுந்து எழுந்து அவர் அறையை எட்டிப் பார்க்கிறேன்.

நீங்கள் உடனே வர முடியாது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது என்னிடம் பேச வேண்டாம். அவரிடம் பேசுங்கள். இதெல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் வரும் அன்று அவர் நடந்து வந்து கதவைத் திறக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் கேட்டால் செய்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஆர்த்தி