கெங்கெஷின் மேசையில் நான்கு தாள்கள்

பிப்ரவரி 12, செவ்வாய்

விசாரணை அதிகாரி கெங்கெஷ் கூப்பிட்டனுப்பினான். மேய்ப்பன் சபார் பதினொரு குதிரைகளைத் திருடியதாக ஒப்புக்கொண்டு விட்டானாம். சனிக்கிழமை விசாரணையில் அரசாங்க வக்கீலாக நான் உடனிருந்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். சனிக்கிழமை நான் பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன்.

சபாரைப் பார்த்தேன். தேநீர்க் கிண்ணத்தை இரண்டு மணிக்கட்டுகளாலும் அணைத்துத் தூக்குகிறான். விரல் மடங்கவில்லை.

"எத்தனை போட்டிருக்கீங்கக்கா. இது என்ன புதுசா?" என்றான் கெங்கெஷ்.

"இதுல போட மாட்டேன் தம்பி."

"சரி, விடுங்க" என்றான். இவ்வளவு சுலபமாக விடுகிற ஆளா அவன்? வீடு வரும்வரை எனக்கு என் மேலேயே மதிப்பாக இருந்தது.

பிப்ரவரி 13

சபாருக்காக நானே வாதாடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20

கோப்பைப் புரட்டினேன். வாக்குமூலத்தின் கீழே என் கையெழுத்து. போலியில்லை, என்னுடையதேதான்.

போன குளிர்காலம் கணவாய் பனியில் மூடிக்கிடந்தது. ஒவ்வொரு தடவையும் எழுபது கிலோமீட்டர் வராதீங்கக்கா என்று கெங்கெஷ்தான் சொன்னான். அடியில் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத் தாள்கள் பத்தை அவன் மேசையில் விட்டு வந்தேன். அரசாங்கப் பட்டியலில் இருக்கிற வக்கீல்கள் எல்லாரும் செய்வதுதான். ஆறு செலவானது தெரியும். மீதி நாலை ஏன் திருப்பிக் கேட்கவில்லை? மறந்துபோச்சு. மறந்துபோச்சாம் — தூ.

அந்த ஆறு தாளில் என்ன எழுதினான் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

பிப்ரவரி 21

மேதெரிடம் சொன்னேன். இருபது வருஷமாக ஒரே அறையில் உட்கார்ந்து வக்கீல் தொழில் பார்க்கிறோம். கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"கோர்ட்ல இதைச் சொன்னா உன் கழுத்து மட்டும் இல்ல புருல், எங்க எல்லார் கழுத்தும் போகும்."

மார்ச் 14

சொல்லிவிட்டேன். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், விசாரணையில் நான் இல்லை என்று. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உடம்பு சரியில்லையா வக்கீலம்மா?"

மார்ச் 19

சபாருக்கு ஆறு வருஷம். கட்சிக்காரரைக் காப்பாற்ற வக்கீல் சொன்னது, நம்பத்தக்கதல்ல என்று தீர்ப்பு. மேல்முறையீடு போட்டாயிற்று.

ஏப்ரல் 2

என் வக்கீல் உரிமம் ரத்து. ஆணை கிர்கிஸ், ருஷ்யன் இரண்டு மொழியிலும் வந்திருக்கிறது. நன்றாகப் புரியட்டும் என்று போல. "தாமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டபடி, வெற்றுத் தாளில் கையொப்பமிட்டு வழங்கியுள்ளார்." சபாருக்கென்றால் என் வாயில் வந்தது பொய். என்னைத் துரத்துவதற்கென்றால் அதே பேச்சு சத்தியம்.

மேதெர் வந்தான். "முப்பது நாள் இருக்கு. ஆவேசத்துல வாய் தவறிட்டுதுன்னு எழுதிக் குடு. உரிமம் திரும்பி வந்துடும், பேசி வச்சுட்டேன்."

வாய் தவறியது என்று எழுதினால் சபாரின் மேல்முறையீடு அதோடு போயிற்று. அந்தத் தாள் வெற்றாக இருந்தது என்று சொல்லும் அரசாங்கக் காகிதம் உலகத்திலேயே இந்த ரத்து ஆணை ஒன்றுதான்.

இருபத்திரண்டு வருஷத் தொழில். திரும்ப வேண்டும் போல இருக்கிறது. ரொம்ப வேண்டும் போல இருக்கிறது.

ஏப்ரல் 3

மேதெர் சொன்னபடி மனு எழுதினேன். நல்ல நடை. கிழிக்கவில்லை.

மே 2

மனு கொடுக்க இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்வரை வீட்டிலேயே இருந்தேன். மனுவை அடுப்பில் போட்டேன்.

ஆறு மணிக்கு சபாரின் மனைவி அனார்கான் வந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ஆணையைக் கொடுத்து, புது வக்கீலிடம் சேர்க்கச் சொன்னேன். மெதுவாக, உதடு அசையப் படித்தாள்.

"உங்க தாள்லதானே அவரு உள்ள போனாரு?"

"ஆமா."

"இப்ப இந்தத் தாளு குடுக்கறீங்க."

எழுந்தாள். மேசையில் வைத்திருந்த ரொட்டியில் ஒரு கிள்ளாவது பிட்டு வாயில் போட்டுவிட்டுப் போ என்றேன். எங்கள் பக்கம் சண்டைக்கு வந்தவர்கள்கூட அதை மறுப்பதில்லை. அவள் ஆணையை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ரொட்டியைத் துணியால் மூடி வைத்தேன்.