மீன் ரோல்ஸ் யார் செய்தது?

மார்ச் 3, செவ்வாய்

மழை. விரல் மூட்டெல்லாம் வீக்கம். உடம்பு இயலாதவர்களுக்கு இந்த நாட்டு அரசாங்கம் தரும் பெனிபிட் காசுக்காக என்னை மதிப்பிட வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வருகிறார்களாம். மறக்காமல் சொல்ல வேண்டியவை: கத்தி பிடிக்க முடியாது. சட்டி தூக்க முடியாது. வெங்காயம் உரித்து எட்டு மாதம்.

இப்போது சமையல் மச்சாள், இவருடைய அக்கா. மோர்டனில் எங்களுக்கு அடுத்த தெரு. தினமும் வந்துவிடுவாள். இன்று இறால் குழம்பு.

"அக்கா, இப்பிடி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதே இல்லை!" என்றார் இவர்.

இருபத்திரண்டு வருஷம் என் கையால் தின்ற வாய்! என் தூள் போத்தல்களையும் இடம் மாற்றி வைத்திருக்கிறாள். பொறாமைதான், வேறென்ன. பெனிபிட் கிடைத்தால் சமையலுக்கு ஒரு ஆள் வைத்துக்கொண்டு இவளை மரியாதையாக அனுப்பிவிடலாம்.

மார்ச் 6, வெள்ளி

வெயில். பால் வாங்க மறந்துபோச்சு.

மதிப்பிட வந்த வெள்ளைக்காரப் பெண் நல்ல பிள்ளை. வீடு தேடி வந்தவளை வெறும் தேத்தண்ணியோடு அனுப்புவதா? மச்சாள் நேற்றுப் பொரித்துவிட்டுப் போன மீன் ரோல்ஸைச் சூடாக்கி வைத்தேன். இரண்டு தின்றாள். மூன்றாவதும் எடுத்தாள். என்ன ருசி, நீங்கள் செய்ததா என்று கேட்டாள்.

ஓம், நான்தான் என்றேன்.

மச்சாளின் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. அவள் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்தாள். பிறகு கையைக் காட்டினேன், கத்திக் கதை எல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள்.

இவரிடம் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 1, புதன்

கடிதம். பெனிபிட் இல்லை. சமையலுக்கு இயலாமைப் புள்ளி பூச்சியம். விண்ணப்பதாரர் உதவியில்லாமல் சமைக்கிறாராம், தானே செய்த ரோல்ஸைப் பரிமாறினாராம்.

இவர் இரண்டு தரம் வாசித்தார். "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்?"

கடிதத்தை வாங்கி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சமைக்கிறவரே எழுதித் தந்தால் நல்லதாம். கடவுளே! அவளிடமா?

ஏப்ரல் 4, சனி

குளிர். மச்சாளிடம் கேட்டேன். ரோல்ஸ் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"இதுக்கேன் இப்பிடி முழிக்கிறீர்? பேப்பரைக் கொண்டாரும்."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். சத்தமாக வாசித்தும் காட்டினாள். "என் தம்பியின் மனைவியால் ஒரு வெங்காயம்கூட உரிக்க இயலாது. இந்த வீட்டில் எல்லாச் சாப்பாட்டையும் நானே சமைக்கிறேன்." ஒரு சொல்லும் பொய்யில்லை.

அடுப்படி வாசலில் நின்று கேட்ட இவர்: "அக்கா, எவ்வளவு நல்லா எழுதியிருக்கிறியள்!"